டன்னுக்கு எத்தனை புரோட்டான்?

ஓசூரில் வாழ்கிறவர்களுக்கு எடை என்பது ஒரு தொழில்மொழி. ஜூஜூவாடி எல்லையில் தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் எடைமேடைகள் நிற்கின்றன. இரும்புத் தகடும் வார்ப்படமும் கிரானைட் பாளமும் மாங்கூழ் டப்பாக்களும் டன் கணக்கில் வந்து டன் கணக்கில் போகின்றன. அதே ஊரில்தான் கைக்கடிகாரத்துக்குள் சுழலும் பற்சக்கரங்களும் தங்க நகைகளும் செய்யப்படுகின்றன. அங்கே பேச்சு மில்லிகிராமில். ஒரு டன்னுக்கு நூறு கோடி மில்லிகிராம். ஆக, ஒரே தொழிற்பேட்டைக்குள் சைக்கிளில் சுற்றி வந்தாலே நூறு கோடி மடங்கு இறங்கிவிடலாம். அதற்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்போம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சின் மிச்சம்.

நாங்கள் என்றால், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் படிக்கிற ஐந்தாறு பேர். ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஒருவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். ஒருவர் பர்கூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கவிதையும் நாவலுமே எங்கள் வழக்கமான ஆகாரம். ஒருமுறை, ஊர்ப்பாசத்தால் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ராஜாஜியின் 'திண்ணை ரசாயன'த்தை எடுத்துக்கொண்டோம். ராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்கு அருகிலேயே இருக்கிறது. அணுவைத் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் பேசிவிட முடியும் என்ற அவருடைய நம்பிக்கை எங்களையும் தொற்றிக்கொண்டது. ஒரு கிலோவைப் புரோட்டான் கணக்கில் சொல்லிப் பார்த்தால் என்ன என்று கேட்டவர் ஆசிரியர்.

கணக்கு என்னவோ எளியதுதான். ஒரு புரோட்டானின் நிறை 1.6726 × 10⁻²⁷ கிலோகிராம். தலைகீழாக வகுத்தால் ஒரு கிலோ என்பது 5.98 × 10²⁶ புரோட்டான் நிறை. நம் வாயில் நுழைகிற மாதிரிச் சொன்னால் ஆறு லட்சம் கோடி கோடி கோடி. எலக்ட்ரான் புரோட்டானைவிட 1836 மடங்கு இலேசானது. ஆகவே அதே கிலோவை எலக்ட்ரானால் நிறுத்தால் 1.1 × 10³⁰, அதாவது நூற்றுப்பத்துக் கோடி கோடி கோடி கோடி. பாட்டிமார் வாயில் இன்னும் எஞ்சியிருக்கிற பலம் முப்பத்தைந்து கிராம் என்பதால் அது 2 × 10²⁵ புரோட்டானுக்குச் சற்றே கூடுதல். 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் எடைகள் வந்து பலத்தையும் வீசையையும் கடைத்தெருவிலிருந்து அகற்றிவிட்டன. இல்லாவிட்டால் வீசைக்கும் ஒரு வாய்ப்பாடு போட்டிருப்போம்.

பெரிய எண்கள் ஒரு கட்டத்துக்கு மேல் வெறும் ஓசையாகிவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோடி கோடி என்று அடுக்கும்போது காதில் ஒரு தாளம் கேட்கிறதே ஒழிய மனத்தில் எதுவும் உருவாவதில்லை. சிறியதை நோக்கி இறங்குவதில் தமிழுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அந்த முந்திரியிலும் 320இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400இல் ஒன்று. அதற்கும் கீழே இம்மி, அணு என்று படிகள் போகின்றன. 'இம்மியும் பிசகாமல்' என்று பேசுகிற நாம் அதை ஓர் அளவின் பெயராக நினைப்பதில்லை. இந்த அணு இயற்பியலின் அணு அன்று; கணக்கர்கள் தங்கள் பின்ன வரிசையில் தேவைப்பட்ட கடைசிப் படிகளுக்கு வைத்த பெயர்களில் ஒன்று. இருந்தாலும் நெல்லையும் நிலத்தையும் பங்கிட உட்கார்ந்தவர்கள் கையால் பிரிக்கவே முடியாத துணுக்குகள் வரை பெயர் வைத்துக்கொண்டே போனார்கள் என்பது வியப்பைத் தருகிறது. பயன்பாடு நின்றுபோன பிறகும் வகுத்தல் நிற்கவில்லை.

எங்கள் ஆசிரியர் ஒரு வித்தியாசத்தில் பிடிவாதமாக இருந்தார். மேலே சொன்னது நிறையை மாற்றுகிற கணக்கு. பொருளுக்குள் இருப்பதை எண்ணுகிற கணக்கு அன்று. இரண்டையும் குழப்பக் கூடாது என்றார். ஒரு கிலோ இரும்பை எடுத்துக்கொள்வோம், ஊரில் எளிதாகக் கிடைப்பது அதுதானே. அதில் 2.8 × 10²⁶ புரோட்டான்களும் 3.2 × 10²⁶ நியூட்ரான்களும் இருக்கின்றன. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை புரோட்டான்களுக்குச் சமம். ஆனால் அத்தனை எலக்ட்ரான்களையும் திரட்டி ஒரு தட்டில் வைத்தால் கால் கிராம்தான் தேறும். இரும்பின் பளபளப்பு, அது மின்சாரத்தைக் கடத்துவது, துருப்பிடிப்பது எல்லாம் அந்தக் கால் கிராமின் வேலை. மிச்சம் 999.75 கிராமும் அணுக்கருக்களில் முடங்கிக் கிடக்கிறது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். எங்களை நெடுநேரம் பேசவைத்தது அதுதான். அந்தப் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தனித்தனியே நிறுத்துக் கூட்டினால், எலக்ட்ரான்களையும் சேர்த்து, ஒரு கிலோ வராது. ஒரு கிலோ ஒன்பது கிராமுக்கு மேல் வரும். சேர்ந்திருக்கும்போது குறைவு, பிரிந்தால் கூடுதல். துகள்கள் அணுக்கருவாகப் பிணைந்தபோது, நம் இரும்பைப் பொறுத்தவரை ஏதோ ஒரு பழைய விண்மீனின் வயிற்றுக்குள், அந்த ஒன்பது கிராம் ஆற்றலாக வெளியேறிவிட்டது. ஐன்ஸ்டைனின் சமன்பாடு பள்ளிப் பாடத்தில் அணுகுண்டோடு சேர்த்தே சொல்லப்படுவதால் அது வீட்டு அரிவாள்மனையிலும் இருக்கிறது என்பது நமக்கு உறைப்பதில்லை. தங்கத்திலும் இதே கதைதான். எட்டு கிராம் எடையுள்ள ஒரு சவரன் சுத்தத் தங்கத்துக்கு இந்தக் குறைவு 68 மில்லிகிராம். நூற்றுக்கு 0.85. நகைக்கடையில் சேதாரம் என்று நம்மிடம் வாங்குவதைப் பார்க்கும்போது இயற்கை வாங்கிய சேதாரம் மிகவும் நியாயமானது என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

மாந்தோப்புக்காரர் அதுவரை பேசவில்லை. சேதாரம் என்ற சொல் அவரைக் கிளப்பிவிட்டது. ஒவ்வொரு பருவத்திலும் அவர் பெங்களூரா மாங்காயை ஒரு கூழ்த் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்கிறார். வண்டி எடைமேடையில் ஏறி இறங்கியதும் டன்னுக்கு இத்தனை கிலோ கழிவு என்று தள்ளிவிட்டுத்தான் சீட்டு எழுதுகிறார்கள். காம்பு, அழுகல், ஈரம் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆண்டுக்காண்டு காரணம் மாறினாலும் கழிவு குறைவதில்லை. "இருபத்தாறு சுழியம் வரைக்கும் போறீங்க. எனக்கு டன்னுக்கு நாற்பது கிலோ எங்கே போச்சுன்னு யாராவது சொல்லுங்க சார்" என்றார். எவரும் பதில் சொல்லவில்லை. தரக்கட்டுப்பாட்டு நண்பர் மட்டும், எடை என்பது எப்போதுமே யாரோ ஒருவர் வைத்திருக்கும் கல்லை நம்புவதுதான் என்றார்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கடைக்காரரின் இரும்பு எடைக்கல்லின் குழிக்குள் ஈயம் இருக்கும், அதன்மேல் முத்திரை ஆய்வாளரின் முத்திரை இருக்கும். அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு தரக்கல், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று போய், தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வைக்கப்பட்டுள்ள 57ஆம் எண் கிலோகிராமில் சங்கிலி முடியும். அந்த 57க்கும் ஒரு மூலம் உண்டு: பாரிசுக்கு அருகே செவ்ரில், 1889இல் உலகத்துக்கே கிலோ என்று அறிவிக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை. நூறாண்டுகளில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தோன்றிவிட்டது. மூலம் இளைத்ததா, பிரதிகள் பருத்தனவா என்று கேட்பதற்கே இடமில்லை. ஏனெனில் வரையறைப்படி மூலம் எப்போதும் ஒரு கிலோதான். ஐம்பது மைக்ரோகிராம் கைக்குத் தெரியாத அளவு. புரோட்டான் கணக்கில் 3 × 10¹⁹. அதாவது மூன்று லட்சம் கோடிக் கோடி.

இந்தத் தர்மசங்கடத்திலிருந்து வெளியே வர அறிவியலாளர்கள் தேடிய வழிகளில் ஒன்று, கிலோவை எண்ணிவிடுவது. சிலிக்கான்-28 என்ற ஒரே ஐசோடோப்பை ஏறத்தாழ முழுத் தூய்மையில் பிரித்து, ஒரு கிலோ உருண்டையாகக் கடைந்து, படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளியை எக்ஸ் கதிரால் அளந்து, உருண்டைக்குள் எத்தனை அணுக்கள் என்று கணக்கிட்டார்கள். 2.15 × 10²⁵. இந்த எண்ணலும், மின்விசையால் எடையைச் சமன்செய்யும் தராசு ஒன்றின் அளவீடும் ஒத்துப்போன பிறகுதான் 2019 மே 20 முதல் பழைய உருளை ஓய்வு பெற்றது. கிலோ இப்போது பிளாங்க் மாறிலியின் நிலையான மதிப்பிலிருந்து வருகிறது. அதாவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை உலகின் அளவியல் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாகத் தொழிலாகவே செய்துகொண்டிருந்தன. மாந்தோப்புக்காரரின் நாற்பது கிலோவுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பிளாங்க் மாறிலி மாறாது. சீட்டு எழுதுகிறவர் கை மாறும்.

ஆனால் டன்னைத் துகளாக மாற்றும் இந்தக் கணக்கின்மேல் பத்தாண்டுக்கும் அதிகமான உழைப்பைப் பணயம் வைத்த ஓர் இடம் எங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. வேப்பனப்பள்ளிக்கு அப்பால் எல்லை தாண்டினால் கோலார் மாவட்டம். ஓசூரிலிருந்து பார்த்தாலும் கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தாலும் பறவை பறக்கிற வழியில் ஐம்பது கிலோமீட்டர் அளவில் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் குழுமம் சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாள்முதல் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் தமிழர்கள் அங்கே போய்க் குடியேறினார்கள். எங்களில் ஒருவருடைய தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறைக்குத் துளையிடும் வேலையில் இருந்தவர். ஒரு டன் பாறையை உடைத்து மேலே ஏற்றி அரைத்தால் சில கிராம் தங்கம். டன்னையும் கிராமையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

தங்கத்துக்காகத் தோண்டிய ஆழம் வேறொரு வேட்டைக்கும் பயன்பட்டது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி மியூவான்களைப் பொழிகின்றன. அவை பாறையைத் துளைத்து எவ்வளவு தூரம் வரும் என்று பார்க்க, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1950களிலிருந்தே கருவிகளோடு சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். பி. வி. ஸ்ரீகண்டன், எம். ஜி. கே. மேனன், வி. எஸ். நரசிம்மம், ஜப்பானிலிருந்து வந்த சபுரோ மியாகே ஆகியோர் இந்த வரலாற்றின் முக்கியமான பெயர்கள். 1960களின் தொடக்கத்தில் மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. வேறு ஆய்வாளர்களாயிருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்களோ அவ்வளவு நிசப்தமான இடத்தில் நியூட்ரினோவின் காலடிச் சத்தம் கேட்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். 1965 ஆகஸ்டில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டதாக அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேலையில் இருந்த ஃபிரடெரிக் ரெய்னஸ் குழுவின் கட்டுரை அதே மாதத்தில் இரண்டு வாரம் பின்னால் வந்தது.

டன் கணக்கு வருவது இதற்கும் பிறகு. 1970களில் ஜோகேஷ் பதி, அப்துஸ் சலாம், ஜார்ஜை, கிளாஷோ முதலிய கோட்பாட்டாளர்கள் புரோட்டான் நிரந்தரமானதாக இருக்க வேண்டியதில்லை என்றார்கள். அது எப்போதாவது சிதையலாம். எப்போது? எளிமையான ஒரு கோட்பாடு 10³¹ ஆண்டுகளை ஒட்டிச் சொன்னது. பிரபஞ்சத்தின் வயதே 1.38 × 10¹⁰ ஆண்டுகள்தான். ஒரு புரோட்டானைப் பார்த்துக்கொண்டு 10³¹ ஆண்டுகள் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் 10³¹ புரோட்டான்களைப் பார்த்துக்கொண்டு ஓராண்டு உட்கார்ந்திருக்கலாம். இந்த ஒற்றை வாக்கியத்துக்காகவே நாங்கள் இத்தனையும் எழுத நேர்ந்தது. காலத்தின் இடத்தில் எடையை வைத்துவிடுகிற துணிச்சல் அது. இதற்குத் தேவைப்பட்டது பொன்னோ பிளாட்டினமோ அன்று. நெடுஞ்சாலையில் எங்கள் கண்முன்னால் நாள்தோறும் போகிற சாதாரண இரும்பு.

ஒரு டன் எந்தப் பொருளானாலும், இரும்பானாலும் மாங்காயானாலும், அதில் புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து 6 × 10²⁹ இருக்கும். இந்திய-ஜப்பானியக் குழு 1980இல் தங்கவயலின் ஆழத்தில் நிறுவிய கருவி 140 டன். இரும்புத் தகடுகளும் அவற்றுக்கிடையே துகள்களின் தடத்தைப் பதியும் குழாய்களும் அடுக்கடுக்காக. 140ஐ 6 × 10²⁹ஆல் பெருக்கினால் 8.4 × 10³¹. கோட்பாடு சரியென்றால் ஆண்டுக்கு எட்டுத் துகள்களாவது சிதைந்தாக வேண்டும். அந்த எட்டுக்காக இரும்பு முழுவதையும் துண்டு துண்டாகச் சுரங்கக் கூண்டில் இறக்கினார்கள். இறக்கியதில் சுரங்கத் தொழிலாளர்களின் கைகளும் இருந்திருக்கும். கீழே சிலர் இரும்பை அடுக்கி வைத்துக்கொண்டு அது எப்போது கெடும் என்று காவல் காக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் தங்கவயலில் ஒரு வேடிக்கைப் பேச்சு உலவியதாக நண்பரின் அப்பா சொல்வதுண்டு. இதைவிடச் சுருக்கமாக அந்தச் சோதனையை விளக்க எங்களால் முடியவில்லை.

1981லும் அதன் பிறகும் சில தடங்களைச் சிதைவாக இருக்கலாம் என்று அவர்கள் அறிவித்தார்கள். உலகம் பரபரத்தது. ஆனால் அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருகே உப்புச் சுரங்கத்தில் எண்ணாயிரம் டன் நீரோடு காத்திருந்தவர்களுக்கும், ஜப்பானில் கமியோகா சுரங்கத்தில் மூவாயிரம் டன் நீரோடு காத்திருந்தவர்களுக்கும் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. தங்கவயல் நிகழ்வுகள் நியூட்ரினோக்களின் மோதல்களாகவே இருந்திருக்கலாம் என்று பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது. இதைத் தோல்வி என்று எழுத எங்களுக்கு மனமில்லை. கமியோகாவின் கருவியும் புரோட்டான் சாவதைப் பார்க்கக் கட்டப்பட்டதுதான். அது பார்த்ததோ 1987இல் வெடித்த விண்மீன் ஒன்றின் நியூட்ரினோக்களை. அதன் வாரிசான ஐம்பதாயிரம் டன் சூப்பர் கமியோகாண்டே, தங்கவயலில் முதலில் கண்ட அதே வளிமண்டல நியூட்ரினோக்களை வைத்து, அவற்றுக்கு நிறை உண்டு என்று 1998இல் நிறுவியது. 2015இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நண்பரின் தாத்தாவுக்கு வருவோம். அவர் அறுபது வயதைத் தொடவில்லை. பாறையைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிற நோய் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. நோயின் பெயர் சிலிக்கோசிஸ். நண்பரின் வீட்டில் அதை 'மைன் இருமல்' என்றே சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்பட்டுவிடும். உள்ளே ஆழமாக இறங்குவது ஒரு மைக்ரான் அளவிலான துகள். எங்கள் வாய்ப்பாட்டில் அதையும் போட்டுப் பார்த்தோம். ஒரு மைக்ரான் விட்டமுள்ள சிலிக்காத் தூசியின் நிறை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். புரோட்டான் கணக்கில் எண்பதாயிரம் கோடி. அன்றைக்குப் போட்ட கணக்குகளில் வாயால் சொல்லி முடிக்கக்கூடியதாக இருந்த ஒரே எண் அதுதான். நண்பர் அதைத் தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புரோட்டான் சோதனை 1990களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. இறைப்பு நின்றதும் கீழ்மட்டங்களில் நீர் ஏறியது. தங்கவயலின் பிள்ளைகள் பலர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் எங்கள் தொழிற்பேட்டைக்கும் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய தமிழை இரண்டாவது வாக்கியத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சூப்பர் கமியோகாண்டே இன்றுவரை ஒரு புரோட்டான் சிதைவதையும் பார்க்கவில்லை. அந்தக் காத்திருப்பிலிருந்து, கோட்பாட்டாளர்கள் முதலில் எதிர்பார்த்த சிதைவு வழியில், புரோட்டானின் ஆயுள் 2.4 × 10³⁴ ஆண்டுகளுக்குக் குறையாது என்று சொல்கிறார்கள். ஆசிரியர் இதைத் தங்கவயலின் 140 டன்னுக்குப் பொருத்திப் பார்த்தார். அதில் புரோட்டான்கள் மட்டும் 3.9 × 10³¹. வகுத்தால், ஒரே ஒரு புரோட்டான் அந்த வழியில் சிதைவதைக் காணச் சராசரியாக அறுநூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். சுரங்கம் இருந்ததே நூற்றிருபத்தொரு ஆண்டுகள்.